மிதக்கும் செடி அழுகுதா, மஞ்சளாகுதா, தொட்டியையே மூடுதா? ரங்கூன் வீட்டு மீன்தொட்டிக்கு ஒரு வழிமுறை

எங்கள் தெருவில் மேல்மாடிக்காரர்கள் எல்லாரும் பால்கனியிலிருந்து ஒரு கயிறு தொங்க விட்டிருப்பார்கள். முனையில் ஒரு கிளிப், பேப்பரோ சாப்பாட்டுப் பொட்டலமோ அதில் மாட்டிவிட்டு ஒரு இழு இழுத்தால் மேலே மணி அடிக்கும். நான் அந்தக் கயிறுகளில் அதிகமாக மாட்டிவிட்டது பிளாஸ்டிக் பையில் கட்டிய மிதக்கும் செடிகளைத்தான். என் தொட்டியில் வாரத்துக்கு ஒரு கிண்ணம் மிஞ்சும், கேட்பவர்களுக்குக் கொடுத்துவிடுவேன். சரியாகப் பத்து நாள் கழித்து அதே பால்கனியிலிருந்து குரல் வரும்: “தம்பி, மறுபடியும் அழுகிப் போச்சுப்பா, கொஞ்சம் மேல வந்து பாரேன்.” அத்தை கூப்பிட்டால் போகாமல் இருக்க முடியாது. இப்படிப் படி ஏறி ஏறிப் பார்த்ததில் ஒரே ஐந்தாறு கோளாறுகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன, அதனால் எழுதி வைத்துவிட்டால் என் முழங்காலுக்காவது நல்லது என்று தோன்றியது.

உங்கள் தொட்டியில் என்ன தெரிகிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போங்கள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், பை கிழியும் காரணம் கடைசியில். எந்தத் தலைப்புக்குப் போனாலும் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள், இந்தச் செடிகளுக்கு வேர் நனைய வேண்டும், இலையின் மேல்பக்கம் காய வேண்டும். உரக்கடைக்குக் கிளம்புமுன் தொட்டியின் மேல்பரப்பை ஐந்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். பாதிப் பேருக்கு அங்கேயே விடை கிடைத்துவிடும்.

பெயர் குழப்பம் வேண்டாம் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். நான் ஆகாயத்தாமரை என்பது முட்டைக்கோஸ் குஞ்சு மாதிரி அடுக்கடுக்காக, வெல்வெட் போல இருக்கும் செடியை. ஊதாப் பூப் பூத்து ஆற்றில் மிதந்து வரும், பர்மாக்காரர்கள் பேடா என்று சொல்லும் வெங்காயத்தாமரையை அல்ல. பேடாவை வீட்டுத் தொட்டியில் போடாதீர்கள், அதற்கு ஷான் மாநிலத்து இன்லே ஏரியே போதவில்லை. நான் சொல்லும் மற்ற மிதக்கும் செடிகள் சால்வினியா, ஃப்ராக்பிட், ரெட் ரூட் ஃப்ளோட்டர், அப்புறம் கேட்காமலே கூட வந்துவிடும் வாத்துப்பாசி.

வாங்கி வந்து ஒரு வாரத்துக்குள் கரைகிறது

முதலில் நடுக்குருத்தைப் பாருங்கள். வெளி இலைகள் மஞ்சளாகிக் கூழாகி, நடுவில் மட்டும் சின்னதாகப் பச்சை நிற்கிறது என்றால் செடி சாகவில்லை, இடம் மாறிய கோபத்தில் பழைய இலைகளைக் கழற்றிப் போடுகிறது. கடைக்காரர் வெயிலில் வைத்து வளர்த்திருப்பார், நீங்கள் அறைக்குள் எல்.இ.டி. வெளிச்சத்தில் விட்டிருப்பீர்கள், அந்த இலைகள் இந்த வெளிச்சத்துக்குச் செய்தவை அல்ல. அழுகிய இலைகளை விரலால் கிள்ளி எடுத்துவிடுங்கள், தண்ணீரில் கரைய விடக் கூடாது, கரைந்தால் தண்ணீர் கெட்டு அடுத்த செடியும் போகும். பத்து நாள் பொறுத்தால் புது இலை சின்னதாக வரும்.

நடுக்குருத்தே பழுப்பாகிக் கையில் பிசுபிசுக்கிறதா? அது போனதுதான், எடுத்துவிடுங்கள். ஏன் போனது என்று தெரிய வேண்டுமானால், பையில் எப்படி வந்தது என்று யோசியுங்கள். பை நிறையத் தண்ணீர் ஊற்றி அதில் செடியை அமுக்கிக் கட்டியிருந்தால் இலையின் மேல்பக்கம் மணிக்கணக்காக நனைந்தே வந்திருக்கும். பையில் வேர் நனைய இரண்டு விரல் தண்ணீர் இருந்தால் போதும், மீதி காற்று. நானே ஆரம்பத்தில் பை முட்டத் தண்ணீர் ஊற்றித்தான் கயிற்றில் மாட்டிவிட்டேன், கனம் தாங்காமல் மூன்றாம் மாடியில் அறுந்து விழுந்தது தனிக் கதை.

அடுத்த கேள்வி, சமீபத்தில் மீனுக்கு வெள்ளைப்புள்ளி வந்தது என்று யாராவது கல்லுப்பு போட்டார்களா, மருந்து ஊற்றினார்களா? வீட்டில் எல்லாரையும் கேளுங்கள், தாத்தாவைத் தனியாகக் கேளுங்கள். உப்பு இந்தச் செடிகளுக்கு ஆகவே ஆகாது, தாமிரம் கலந்த மருந்தும் அப்படியே. மூன்று நாளுக்கு ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றி உப்பு வெளியேறிய பிறகுதான் புதுச் செடி போட வேண்டும். அதற்குள் கடைக்குப் போய் இன்னொரு பிடி வாங்கி வராதீர்கள்.

இதெல்லாம் இல்லை, இரண்டு முறை வாங்கியும் இரண்டு முறையும் போனது என்றால் சோதனை எளிது. வாங்கிய செடியை இரண்டாகப் பிரியுங்கள், பாதி தொட்டியில், பாதி பால்கனியில் ஒரு பேசின் தண்ணீரில், நேர் வெயில் படாத இடத்தில். இரண்டும் அழுகினால் செடிதான் மோசம், கடையை மாற்றுங்கள். பேசினில் இருப்பது பிழைத்துத் தொட்டியில் இருப்பது செத்தால் கீழே உள்ள தலைப்புகளில் ஒன்று உங்களுடையது. பேசினில் இரண்டு கப்பி மீன் விட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் ஒரே வாரத்தில் கொசுப் பண்ணையாகிவிடும், டெங்கு சமாசாரம்.

இலைமேல் கண்ணாடி மாதிரி ஈரத்திட்டு, அப்புறம் பழுப்பு, அப்புறம் கூழ்

ரங்கூனில் மே முதல் அக்டோபர் வரை நான் அதிகம் பார்ப்பது இதுதான். காரணத்தைப் பிடிக்க விடிகாலையில் எழுந்து, லைட் போடாமல் மூடியின் அடிப்பக்கத்தை டார்ச் அடித்துப் பாருங்கள். முத்து முத்தாகத் தண்ணீர் தொங்கிக்கொண்டிருக்கும். ராத்திரி முழுக்க அது ஒவ்வொரு சொட்டாக ஒரே இலையின் மேல் விழுந்துகொண்டே இருக்கும். சால்வினியா இலையிலும் ஆகாயத்தாமரை இலையிலும் நுண்ணிய மயிர் இருக்கிறது, ஒன்றிரண்டு சொட்டு உருண்டு ஓடிவிடும், ராத்திரியெல்லாம் விழுந்தால் அதுவும் தோற்றுப்போகும். ரெட் ரூட் ஃப்ளோட்டருக்கு அந்தப் பொறுமையும் கிடையாது.

மூடி உள்ள தொட்டி என்றால் மூடியின் பின்பக்கத்தில் ஒரு பென்சிலை வைத்துத் தூக்காதீர்கள், முன்பக்கத்தில் வையுங்கள். அப்போது மூடி பின்னால் சரிந்து, சொட்டு எல்லாம் வழிந்து பின்கண்ணாடியோடு இறங்கிவிடும், செடிமேல் விழாது. கூடவே ஒரு பக்கம் இரண்டு விரல் இடைவெளி விட்டுக் காற்று போக வழி செய்யுங்கள். டானியோ மாதிரித் துள்ளுகிற மீன் இருந்தால் அந்த இடைவெளியில் கொசுவலைத் துண்டை ஒட்டுங்கள். மூடியை முழுசாக எடுத்துவிட்டு வலை மட்டும் போட்டு வைப்பதும் நல்லதுதான், தண்ணீர் கொஞ்சம் வேகமாக வற்றும், ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

மூடியே இல்லாத தொட்டியிலும் இலை நனைகிறதா? அப்படியானால் கீழேயிருந்து தெறிக்கிறது. ஏர் ஸ்டோன் (காற்றுக்குழாய் முனையில் மாட்டும் கல்) விடும் குமிழி மேலே வந்து வெடிக்கும் இடத்தில் ஒரு காய்ந்த டிஷ்யூ பேப்பரை ஒரு சாண் உயரத்தில் நிமிடம் ஒன்று பிடித்துப் பாருங்கள், புள்ளி புள்ளியாக நனைந்தால் அதுதான் ஆள். காற்றைக் குறையுங்கள், அல்லது கல்லை மூலைக்குத் தள்ளுங்கள்.

இலை மேலே காய்ந்திருக்கிறது, ஆனாலும் ஓரம் கருகிப் பழுப்பாகிறது என்றால் இது வேறு சங்கதி, சூடு. மிதக்கும் செடிதான் லைட்டுக்கு ரொம்பக் கிட்டே இருப்பது, தரையில் நட்ட செடிக்கென்று வாங்கின பலமான லைட் ஐந்து சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால் இலை பொசுங்கும். கையை லைட்டுக்கு அடியில், தண்ணீர் மட்டத்தில் வையுங்கள். சூடு உறைத்தால் லைட்டை ஒரு சாண் உயர்த்துங்கள். சித்திரை மாதம் திஞ்ஜான் (பர்மியப் புத்தாண்டு) சமயத்தில் ஜன்னல் வெயிலும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம், அந்த இரண்டு மாதம் மட்டும் ஜன்னலுக்கு ஒரு துணி.

எல்லாம் ஒரே மூலையில் குவிகிறது, அல்லது புரண்டு மூழ்குகிறது

ஃபில்டர் தண்ணீர் விழுகிற வேகம்தான், வேறு காரணம் தேடாதீர்கள். ஒரு முழு நாள் ஃபில்டர் வாயில் ஒரு துண்டு ஸ்பாஞ்சைச் சொருகி வைத்துப் பாருங்கள், செடி பரவலாக நின்றால் சந்தேகம் தீர்ந்தது. துளைக்குழாய் உள்ள ஃபில்டர் என்றால் துளைகளைப் பின்கண்ணாடியைப் பார்க்கத் திருப்பிவிடுங்கள்.

அதைவிட நல்லது வளையம். மீட்டர் கணக்கில் விற்கும் ஏர் குழாயில் ஒன்றரை முழம் வெட்டி, இரண்டு முனையையும் ஒரு பிளாஸ்டிக் ஜாயின்ட்டில் சேருங்கள், உள்ளே காற்று இருப்பதால் மிதக்கும். அதை ஒட்டுரப்பரில் கண்ணாடியோடு பிடித்து நிறுத்தி, செடியை வளையத்துக்கு உள்ளே வளர்க்கலாம், அல்லது தலைகீழாக, மீனுக்குச் சோறு போடும் இடத்தை வளையத்துக்கு உள்ளே காலியாக வைத்துக்கொண்டு செடியை வெளியே விடலாம். நான் இரண்டாவது வகை. ஜாயின்ட் சரியாக இறுகாவிட்டால் உள்ளே தண்ணீர் ஏறி ஒரு நாள் வளையம் முழுகிக் கிடக்கும், வளையத்தைக் கழற்றி உதறிவிட்டு மறுபடி மாட்டுங்கள்.

மஞ்சளாகிறது

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம், எல்லாரும் அவசரப்பட்டு உரம் ஊற்றுகிற இடம் இதுதான். எந்த இலை மஞ்சள் என்பதுதான் முழு விஷயமும்.

வெளியே உள்ள பழைய இலைகள் மஞ்சள், நடுவில் புது இலை பச்சை: ஒன்றிரண்டு இலை என்றால் வயசாகிவிட்டது, விடுங்கள். எல்லாச் செடியிலும் பழைய இலைகள் ஒரே சமயத்தில் வெளுத்தால் தண்ணீரில் தழைச்சத்து தீர்ந்திருக்கும். மிதக்கும் செடி கரியமில வாயுவைக் காற்றிலிருந்தே எடுத்துக்கொள்வதால் அதற்குப் பசி அதிகம், தண்ணீரில் இருப்பதைத் துடைத்துத் தின்றுவிடும். தண்ணீரில் உள்ள தழைச்சத்தைக் காட்டும் நைட்ரேட் சோதனைப் பட்டையை முக்கிப் பாருங்கள், பூஜ்யம் காட்டினால் உறுதி, லிட்டருக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை இருந்தால் போதும். மீன் குறைவான தொட்டிகளில்தான் இது வரும். முதல் மருந்து செடியில் மூன்றில் ஒரு பங்கை அள்ளி எறிவது, தின்பவர் குறைந்தால் இருப்பது போதும். அதற்கும் சரிவரவில்லை என்றால் மீன்தொட்டிக்கென்று விற்கும் திரவ உரம், போத்தலில் எழுதியதில் பாதி அளவு, வாரம் ஒருமுறை. வயலுக்குப் போடும் யூரியா வீட்டில் கிடக்கிறதே என்று ஒரு சிட்டிகை போடாதீர்கள், அது அமோனியாவாக மாறும், செடி பச்சையாக நிற்கும், மீன் நிற்காது.

புது இலை வெளிறிப்போய், நரம்பு மட்டும் பச்சை: இது இரும்புச்சத்துக் குறை. “எங்க வீட்டுக் குழாய்க்கிணத்துத் தண்ணியில இரும்பு எக்கச்சக்கமா இருக்கே மாமா, பக்கெட்டே செவந்து போச்சு” என்று பக்கத்துத் தெருப் பையன் என்னிடம் சண்டைக்கே வந்தான். பக்கெட் சிவந்தது நிஜம்தான். குழாயிலிருந்து வரும்போது தெளிவாக இருக்கும் தண்ணீரை ஒரு கண்ணாடித் தம்ளரில் பிடித்து மறுநாள் பாருங்கள், அடியில் செம்மண் மாதிரி ஒரு படிவு. அந்தப் படிவுதான் இரும்பு, காற்றுப் பட்டதும் துருவாகி இறங்கிவிட்டது, துருவைச் செடி உறிஞ்சாது. சோறு அடுக்களையில் பூட்டிக் கிடக்கிறது, பிள்ளை பசியோடு திண்ணையில். கரைந்த நிலையிலேயே நிற்கும்படி செய்த இரும்பு உரம் தனியாகக் கிடைக்கிறது, அதைக் குறைந்த அளவில் ஆரம்பியுங்கள். ஒரு வாரத்தில் வரும் அடுத்த இலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள், வெளுத்த பழைய இலை திரும்பப் பச்சையாகாது, அதைப் பார்த்து மேலும் மேலும் ஊற்றக் கூடாது.

மஞ்சளோடு குண்டூசித் துளைகள், துளையைச் சுற்றி மஞ்சள் வளையம்: பெரும்பாலும் பொட்டாசியம் குறை. துளை ஓரம் கடித்தது போல் பிசிறாக இருந்தால் நத்தை, ராத்திரி டார்ச் அடித்தால் குற்றவாளி இலையிலேயே உட்கார்ந்திருப்பான்.

எல்லா இலையும் ஒரே மாதிரி வெளிறி, செடி சுருங்கிக்கொண்டே போகிறது: மழைக்காலமா, மாடியில் பிடித்த மழைத்தண்ணீரை ஊற்றுகிறீர்களா? நாமெல்லாம் கரண்டு இல்லாமல் மோட்டார் ஓடாத நாளில் மழைத்தண்ணீரைத்தான் ஊற்றுகிறோம், தப்பில்லை, ஆனால் அதில் தாதுச்சத்து எதுவுமே கிடையாது, சுண்ணாம்பு இல்லை, மக்னீசியம் இல்லை. இரண்டு மூன்று மாதம் அதையே ஊற்றினால் தொட்டித் தண்ணீர் காலித் தண்ணீராகிவிடும், பி.எச். (தண்ணீரின் அமில-கார அளவு) திடீரென்று சரியவும் செய்யும். செடிக்கு மட்டுமில்லை, நம் ஊர் மீனுக்கும் அது ஆகாது. இன்லே ஏரியில் மட்டும் இருக்கும் எமரால்டு டானியோவை வளர்ப்பவர்கள் கவனிக்க வேண்டும், சுற்றிலும் ஷான் சுண்ணாம்பு மலை, அது பழகியது கடினமான காரத் தண்ணீர். அதன் ஒன்றுவிட்ட தம்பி, 2006-இல் ஹோபோங் பக்கத்தில் கண்டுபிடித்து உலகம் முழுக்கப் பேர் வாங்கிய முத்துப்புள்ளி டானியோவும் அந்தப் பக்கத்துப் பிள்ளைதான். மழைத்தண்ணீரில் பாதி குழாய்த் தண்ணீர் கலந்து ஊற்றுங்கள், ஃபில்டரில் ஒரு கைப்பிடி உடைத்த சிப்பி ஓட்டைத் துணியில் கட்டிப் போடுங்கள். பத்து நாளில் வித்தியாசம் தெரியும்.

இவ்வளவும் செய்து மூன்று வாரம் ஆகியும் புது இலை சரியாக வரவில்லை என்றால் மேலும் உரம் வாங்குவது வீண். கிணற்றுத் தண்ணீரை ஒரு சோதனைக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள், கொஞ்சம் செலவுதான், அந்தத் தண்ணீரைத்தான் வீட்டில் எல்லாரும் குடிக்கிறீர்கள் என்றால் அந்தச் செலவு செடிக்காக மட்டும் இல்லை.

உயிரோடு இருக்கிறது, வளரவே மாட்டேன் என்கிறது

வெளிச்சம். நாலு மணி நேரம் கரண்டு வரும், நாலு மணி நேரம் போகும் என்ற முறை வந்ததிலிருந்து இந்தப் புகார் இரட்டிப்பாகிவிட்டது. செடிக்கு ஒரு நாளைக்கு மொத்தம் எட்டு மணி நேரமாவது வெளிச்சம் வேண்டும், இரண்டு துண்டாகக் கிடைத்தாலும் பரவாயில்லை.

அத்தை வீட்டில் இதற்கு ஒரு விசித்திரமான காரணம் அகப்பட்டது. அவர்கள் தொட்டியில் முள் சுற்றும் டைமர், காலை எட்டு முதல் மாலை ஆறு என்று வைத்தது. நான் போன அன்று சாயங்காலம் மணி ஐந்து, டைமர் காட்டியது விடிகாலை மூன்று. அந்த வகை டைமருக்குள் இருப்பது ஒரு சின்ன மோட்டார், கரண்டு போனால் அதுவும் நின்றுவிடும், வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடும். ஒவ்வொரு கரண்டு கட்டுக்கும் நாலு மணி நேரம் பின்னால். வாரக் கடைசியில் தொட்டி லைட் நடுராத்திரியில் எரிந்துகொண்டிருக்கும், பகலில் இருட்டு. “அதான் ராத்திரி ரெண்டு மணிக்கு ஹாலே பளிச்சுன்னு இருக்கும், நான் மாமாதான் டிவி பாக்கறாருன்னு திட்டிக்கிட்டிருந்தேன்” என்றார்கள். உள்ளே பேட்டரி வைத்த டிஜிட்டல் டைமர் வாங்கினால் நேரம் தப்பாது. அல்லது டைமரைத் தூக்கிப் போட்டுவிட்டு, தெருவே “மீ லாபி!” (கரண்டு வந்தாச்சு!) என்று கத்தும்போது எழுந்து சுவிட்சைப் போடுங்கள், அதுவும் ஒரு முறைதான்.

செலவே வேண்டாம் என்றால் தொட்டியைக் கிழக்கு ஜன்னல் பக்கம் நகர்த்துங்கள். காலை வெயில் இரண்டு மணி நேரம் மேல்பரப்பில் சாய்வாக விழுந்தால் ஆகாயத்தாமரை லைட்டே இல்லாமல் பிழைத்துக்கொள்ளும். காலித் தொட்டியைத்தான் நகர்த்த வேண்டும், தண்ணீரோடு தள்ளி அடிக்கண்ணாடி விரிசல் விட்டுத் தரை முழுக்க வெள்ளமாகி, கீழ்வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்ட ஆளை எனக்குத் தெரியும், கண்ணாடியில் தினம் பார்க்கிறேன். இன்வெர்டரில் ஓட்டுவதானால் எல்.இ.டி. லைட் பத்து இருபது வாட்தான் தின்னும், தாராளமாக ஓட்டலாம். லைட்டையே மாற்றுவது கடைசி வழி, அதற்குமுன் லைட்டுக்கு அடியில் உள்ள பிளாஸ்டிக் தடுப்பை ஒரு ஈரத்துணியால் துடைத்துப் பாருங்கள். தண்ணீர் தெறித்துக் காய்ந்த வெள்ளைப் படலம் எவ்வளவு வெளிச்சத்தைத் தின்றது என்று தெரியும்.

ரெட் ரூட் ஃப்ளோட்டர் சிவக்கவில்லை என்பவர்களுக்கும் இதே பதில், வெளிச்சம் கூட வேண்டும், தழைச்சத்து கொஞ்சம் குறைவாக இருக்க வேண்டும். பச்சையாக இருந்தால் நோய் இல்லை.

வேரைக் காணோம்

தங்கமீன் இருக்கிறதா? அது தின்றது. தங்கமீனும் மிதக்கும் செடியும் ஒரே தொட்டியில் இருப்பது வெள்ளாட்டையும் கீரைப் பாத்தியையும் சேர்த்து வைத்தது போல. தங்கமீன் இல்லாமல் வேர் குட்டையாக இருந்து இலை கொழுத்து நின்றால் தண்ணீரில் சத்து அதிகம், தேட வேண்டிய அவசியம் அதற்கு இல்லை, கவலையும் வேண்டாம். வேர் தரையைத் தொடுகிற அளவு நீண்டால் அதற்கு எதிர், சத்துத் தேடி இறங்குகிறது. மீன் குஞ்சுகளுக்கு அந்த வேர்க்காடு ரொம்பப் பிடிக்கும் என்பதால் நான் வெட்டுவதில்லை.

இலையில் கறுப்பாகப் புள்ளி, உற்றுப் பார்த்தால் நகர்கிறது

அசுவினி, பயறுக்கொடியில் வருமே அதன் தண்ணீர்ச்செடி வகை. பால்கனிப் பேசினிலிருந்து கொண்டு வந்த செடியோடு வரும். பூச்சி மருந்தைத் தொடாதீர்கள், கொசு மருந்துப் புகையும் தொட்டி மேல் படக் கூடாது. ஒரு பிளாஸ்டிக் சல்லடையைக் கவிழ்த்துச் செடிகளை இரண்டு மூன்று மணி நேரம் தண்ணீருக்குள் அமுக்கி வையுங்கள், பூச்சி கழன்று மேலே மிதக்கும், மீன் விருந்து சாப்பிடும். இலை நனையக் கூடாது என்று மேலே சொன்னேனே, இது விதிவிலக்கு, சாயங்காலத்துக்குள் தூக்கிவிட்டால் செடி தாங்கும். குஞ்சுகள் மறுபடி கிளம்பும் என்பதால் மூன்று நாள் விட்டு ஒருமுறை, மொத்தம் மூன்று தடவை. வெள்ளையாக, தொட்டால் துள்ளிக் குதிக்கும் பொடிப்பூச்சி என்றால் அது வேறு, ஒன்றும் செய்யாது.

செடி ஜோர், மீன் விடிகாலையில் மேலே வந்து வாயைப் பிளக்கிறது

இதற்கு உட்கார்ந்து படிக்க நேரம் இல்லை, முதலில் செய்யுங்கள். இரண்டு கையாலும் செடியைப் பாதிக்கு மேல் அள்ளி பக்கெட்டில் போடுங்கள். பேட்டரி ஏர் பம்ப் இருந்தால் போடுங்கள், இல்லை என்றால் ஒரு மக்கில் தொட்டித் தண்ணீரையே மொண்டு ஒரு முழ உயரத்திலிருந்து தொட்டியிலேயே ஊற்றிக்கொண்டிருங்கள், கால் மணி நேரம், கை வலித்தால் வீட்டில் அடுத்த ஆளைக் கூப்பிடுங்கள். அன்றைக்கு மீனுக்குச் சோறு கிடையாது.

மீன் கீழே இறங்கிவிட்டதா? சரி, இப்போது காரணம் பார்க்கலாம். பகலில் செடி பிராணவாயு கொடுக்கிறது என்பது உண்மைதான், ஆனால் மிதக்கும் செடி அதைப் பெரும்பாலும் மேலே காற்றில் விடுகிறது, தண்ணீரில் இல்லை. இருட்டினதும் வேரும் மீனும் அடியில் உள்ள அழுக்கும் சேர்ந்து தண்ணீரில் இருப்பதைத் தின்கின்றன. மேல்பரப்பைச் செடி பாய் விரித்த மாதிரி மூடிவிட்டால் காற்று உள்ளே இறங்க வழியில்லை. கரண்டு போய் ஃபில்டரும் நின்றுவிட்டால் தண்ணீர் அசையவும் வழியில்லை. இதில் வெக்கை வேறு. 25 டிகிரித் தண்ணீரில் லிட்டருக்கு 8 மில்லிகிராம் சொச்சம் பிராணவாயு கரையும், 32 டிகிரியில் 7.3-க்கு மேல் ஏறாது. ஏப்ரல் மாதம், ராத்திரி பத்து மணிக்குப் போன கரண்டு, முழுசாக மூடின தொட்டி: மூன்றும் சேர்ந்த ஒரு ராத்திரியில் என் இரண்டடித் தொட்டியில் பதினோரு டானியோ போனது. செடி மட்டும் அன்றைக்கு என்ன அழகாக இருந்தது தெரியுமா.

அதிலிருந்து பாதிக்கு மேல் மூட விடுவதில்லை, வெயில் காலத்தில் மூன்றில் ஒரு பங்கு. ஞாயிற்றுக்கிழமை காலை காளி கோவிலுக்குப் போய் வந்து, சூர்த்தி பஜாரில் காய்கறி வாங்கி முடித்து, வீட்டுக்குள் நுழைந்ததும் முதல் வேலை செடி அள்ளுவது. வாத்துப்பாசி உள்ளவர்கள் வாரத்துக்கு இரண்டு முறை அள்ளுங்கள், நல்ல வெளிச்சத்தில் அது இரண்டு மூன்று நாளில் இரட்டிப்பாகும். அதை ஒழிக்க வழி என்ன என்று கேட்காதீர்கள், நான் வீடு மாறியும் அது கூடவே வந்தது.

மீன் விடிகாலையில் மட்டும் இல்லாமல் பகல் முழுக்க வாயைப் பிளந்தால் செடியைத் திட்டாதீர்கள். முந்தின நாள் தண்ணீர் மாற்றினீர்களா, குளோரின் வாடை இருந்ததா? அதுவும் இல்லை என்றால் ஃபில்டரைப் பாருங்கள். மூடி வைத்த பெட்டி வகை ஃபில்டர் ஏழெட்டு மணி நேரம் நின்று கிடந்தால் உள்ளே தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் நல்ல கிருமிகள் மூச்சுத்திணறிச் செத்து நாறும், கரண்டு வந்ததும் அந்த நாற்றத் தண்ணீரைத்தான் தொட்டிக்குள் துப்பும். நீண்ட கட்டுக்குப் பிறகு தானாக ஓட விடாமல் பிளக்கை எடுத்து வையுங்கள், உள்ளே உள்ள தண்ணீரைக் கொட்டிவிட்டு, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிப் போட்டு ஓட்டுங்கள். விளிம்பில் தொங்கும் ஃபில்டர் என்றால் பெட்டியில் ஒரு மக் தண்ணீர் ஊற்றிவிட்டு சுவிட்சைப் போடுங்கள், வறட்டு ஓட்டம் ஓடினால் மோட்டார் போய்விடும், புதுசு வாங்க வேண்டியதுதான். இதெல்லாம் செய்தும் ஒரு நாளில் மூன்று நான்கு மீன் சாகிறது, உடம்பில் புண்ணோ பஞ்சோ தெரிகிறது என்றால் நோய், மீன் மருந்து தெரிந்த கடைக்காரரிடம் ஒரு போட்டோ எடுத்துக் காட்டுங்கள், கண்ட மருந்தையும் நீங்களே ஊற்றாதீர்கள்.

அள்ளின செடியைச் சாக்கடையிலும் ஏரியிலும் எறியாதீர்கள். மழை நாளில் நம் தெருச் சாக்கடை அடைத்துக்கொள்ள அது ஒன்றும் புதுசாக வேண்டியதில்லை. பால்கனியில் ஒரு நாள் வெயிலில் காய வைத்துக் கறிவேப்பிலைத் தொட்டியில் போட்டால் அந்தச் செடி தழைக்கும்.

செடி அள்ளக் கையை விட்டால் சுரீர் என்கிறது

கையை எடுங்கள். தொட்டியைத் தொடாமல் மெயின் சுவிட்சை அணையுங்கள், அப்புறம்தான் பிளக்குகளைப் பிடுங்க வேண்டும், வரிசை மாறக் கூடாது. தண்ணீரில் கசியும் கரண்டு விளையாட்டு இல்லை, இங்கே 230 வோல்ட். ஹீட்டர் கண்ணாடி விரிந்திருக்கலாம், பம்ப்பின் ஒயர் உரிந்திருக்கலாம், லைட் ஈரத்தில் ஊறியிருக்கலாம், எது என்று கண்டுபிடிக்க ஒவ்வொன்றாக மாட்டிக் கையை விட்டுப் பார்க்கும் வேலையை நீங்கள் செய்யக் கூடாது. அது எலக்ட்ரீஷியன் வேலை. கரண்டு திரும்பி வரும்போது வோல்டேஜ் எகிறி இவை சாவதால் அவரிடமே ஒரு சேஃப்கார்டும், கசிவு வந்தால் தானே விழும் பிரேக்கரும் மாட்டித்தரச் சொல்லுங்கள். இன்வெர்டரில் ஓடும்போது மட்டும் ஏர் பம்ப் கொர்ரென்று இரைந்து சூடாகிறது என்றால் அதையும் காட்டுங்கள், மலிவு இன்வெர்டர்கள் கொடுக்கும் கரண்டு மோட்டார்களுக்கு ஒத்துக்கொள்வதில்லை. அவர் வருகிற வரை மீனுக்கு மக் வைத்தியம், செடிக்கு ஜன்னல் வெயில், ஒரு நாள் தாங்கும்.